யாருக்கும் சொந்தமில்லாத பதிவேடு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம். – மலர்க் குழு)



"கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் என்பது கடல். எனக்குத் தெரிந்தது அதில் ஒரு கரை. பல வருஷமாக டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். ஆகவே ஒரே ஒரு டேட்டாபேஸைப் பற்றி, அதை ஆக்குகிறவர்கள் தங்களுக்குள் எப்படிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சண்டை என்றதும் தம்பிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், நல்லது.

அதன் பெயர் போஸ்ட்கிரெஸ். முழுப் பெயர் போஸ்ட்கிரெஸ்-க்யூ-எல். வாயில் நுழையாது. அதைச் செய்கிறவர்களே பெயரை மாற்றலாமா என்று பலமுறை விவாதித்து, மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

எங்கள் காலத்தில் டிபேஸ், பாக்ஸ்புரோ என்று படித்தோம். பெரும்பாலும் யாரோ யாரிடமோ பிளாப்பியில் வாங்கிய நகல்தான். விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்பதே பலருக்குத் தெரியாது. இன்றைய மாணவருக்கு அந்தத் திருட்டுத்தனம் தேவையில்லை. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் எதை நம்பிக் கணக்கு வைக்கின்றனவோ, அதையே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மத்திய அரசும் 2015ல் அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுக்கக் கொள்கை வகுத்தது. ஆனால் "இலவசம்" என்பதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அதற்குள்ளே நடப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு இருக்கிற ஆதங்கம் அதுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் 1986ல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம் இது. பல்கலைக்கழகம் கைவிட்ட பிறகு ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதற்கு எஸ்.க்யூ.எல். மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆமாம், மாணவர்கள்தான். 1996ல் உலகத்தின் பல மூலைகளில் இருந்த தொண்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை.

இந்தச் சொந்தம் என்கிற விஷயம் சின்ன விஷயம் இல்லை. இன்னொரு பிரபலமான டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். அதுவும் திறந்த மூலம்தான். ஆனால் ஒரு கம்பெனியின் உடைமை. 2008ல் சன் நிறுவனம் 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாண்டி விடேனியஸ், இது எங்கே போய் முடியுமோ என்று பயந்து 2009லேயே மரியாடிபி என்று தனிக்குடித்தனம் போய்விட்டார். வீட்டை விற்றால் குடியிருப்பவன் கதி என்ன ஆகும் என்று வாடகைக்கு இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

போஸ்ட்கிரெஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. எத்தா சிவில் பதிவேட்டைப் பார்த்தவர்கள் இந்த அவையில் நிறைய பேர் இருப்பீர்கள். பிரான்சு குடியுரிமைக் காகிதத்துக்காகத் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடி அலையாத குடும்பம் புதுவையில் குறைவு. அந்தப் பிரெஞ்சு முறையில் எழுதியதை அழிக்க மாட்டார்கள். கல்யாணம் ஆனால் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஒரு குறிப்பு ஏறும். திருத்தம் வந்தாலும் ஓரத்தில்தான். முதலில் எழுதியது அப்படியே நிற்கும்.

போஸ்ட்கிரெஸும் ஏறக்குறைய இதே ஜாதி. ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் பழைய வரியின் மேல் எழுதாது. பக்கத்தில் புதிய வரியை எழுதி, பழையதை "இனி செல்லாது" என்று குறித்து வைக்கும். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் அதே நொடியில் வேறொருவர் படித்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பழைய வரி குழப்பமில்லாமல் தெரியும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்க வேண்டாம். அருமையான ஏற்பாடு. ஆனால் இதற்கு ஒரு கூலி உண்டு. செல்லாத வரிகள் குவிந்துகொண்டே போகும். அவ்வப்போது பெருக்கித் தள்ள வேண்டும். அதைவிடக் கொடுமை, ஒரு பதிவேட்டுக்கு ஐந்து இண்டெக்ஸ் இருந்தால், ஒரு எழுத்தைத் திருத்தினாலும் ஐந்திலும் புதிய குறிப்பு ஏற வேண்டும்.

இங்கேதான் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். பெயர் பவன் தியோலசி. அப்போது என்டர்பிரைஸ்டிபி என்ற நிறுவனத்தில் இருந்தார். இண்டெக்ஸ் போட்ட கட்டங்களைத் தொடாத திருத்தமாக இருந்து, அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸைத் தொடவே வேண்டாம். பழைய வரியிலிருந்து புதிய வரிக்கு ஒரு சங்கிலி போட்டால் போதும் என்பது திட்டம். 2006 நவம்பரில் சமூகத்தின் முன் வைக்கப்பட்ட முதல் வடிவத்தில், பழைய வரிகளைத் தனியே வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகும் யோசனை இருந்தது. அது விவாதத்தில் விழுந்துவிட்டது. மாற்றி எழுதினார்கள். மீண்டும் கேள்விகள். மறுபடியும் மாற்றினார்கள். 2007 செப்டம்பரில் டாம் லேன் அதை ஏற்றுச் சேர்த்தார். இந்தத் திட்டத்தில் அவர் தலையசைக்காமல் பெரிய காரியம் நடப்பது அபூர்வம் என்று சொல்லத்தக்க மூத்தவர் அவர். 2008ல் வெளிவந்த 8.3ஆம் பதிப்பில் அது வந்தது. 'ஹாட்' என்று பெயர். இன்று உலகத்தில் எங்கே ஒரு போஸ்ட்கிரெஸ் ஓடினாலும் அதில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

கதை இத்தோடு முடிந்தால் பாராட்டு விழாப் பேச்சாகப் போய்விடும். இனிமேல்தான் விஷயம்.

2016ல் ஊபர் நிறுவனம், தான் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்க்யூஎல்லுக்குப் போனதற்கான காரணங்களை ஊரறிய எழுதியது. முக்கியமான குறை, நான் சொன்ன அதே இண்டெக்ஸ் குறைதான். வேறு இடமாக இருந்தால் மறுப்பு அறிக்கை விட்டிருப்பார்கள். இங்கே, "அவர்கள் சொல்வதில் எது சரி, எது தப்பு" என்று உட்கார்ந்து அலசினார்கள். தியோலசி அடுத்த மாதமே 'வார்ம்' என்ற புதிய திட்டத்தோடு வந்தார். ஹாட்டின் அடுத்த படி என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டெக்ஸ் போட்ட கட்டமே மாறினாலும், மாறிய இண்டெக்ஸில் மட்டும் எழுதினால் போதும் என்பது அதன் நோக்கம். மாதக்கணக்காக விவாதம். சிக்கல் அதிகம், ஓரிடத்தில் பிசகினால் தவறான விடை வரும் என்று சந்தேகம் கிளம்பியது. அது சேர்க்கப்படவே இல்லை. 2021ல் 14ஆம் பதிப்பில் பீட்டர் கெயகன், இண்டெக்ஸில் குவியும் பயனற்ற குறிப்புகளை அங்கேயே களையும் வேறொரு வழியில் அந்தத் தொல்லையின் ஒரு பகுதியைத் தீர்த்தார்.

அடுத்தது 'மெர்ஜ்'. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கொம்யூனில் வீட்டுவரிக் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய பட்டியல் ஒன்று வருகிறது. வீடு ஏற்கெனவே கணக்கில் இருந்தால் தொகையைத் திருத்து, இல்லாவிட்டால் புதிதாகச் சேர். கேட்கச் சின்ன வேலை. ஆனால் இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில், ஒரே வீட்டை, "இல்லையே" என்று பார்த்துவிட்டு, இருவரும் சேர்க்கப் போனால்? ஒரு வீட்டுக்கு இரண்டு வரி, அல்லது ஒருவர் முகத்தில் பிழைச் செய்தி.

எஸ்.க்யூ.எல். தரநிலையில் 2003லேயே இதற்கு மெர்ஜ் என்ற கட்டளை வந்துவிட்டது. போட்டிக் கம்பெனிகள் பல அதைக் கொடுத்தன. போஸ்ட்கிரெஸ்காரர்கள் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்றால், இரண்டு குமாஸ்தா பிரச்சினைக்குத் தரநிலையில் உத்தரவாதம் இல்லை. வருஷக்கணக்கில் வாதம் செய்து, கடைசியில் பீட்டர் கெயகன் எழுதிய வேறொரு கட்டளையை 9.5ஆம் பதிப்பில் வைத்தார்கள். 2016 ஜனவரியில் வந்தது. மோதல் வந்தால் இதைச் செய் என்று சொல்லும் கட்டளை அது. இரண்டு குமாஸ்தா வந்தாலும் ஒன்று சேர்க்கும், அல்லது திருத்தும், நடுவில் தடுமாறாது. ஆனால் தரநிலையில் இல்லாத சொந்தச் சரக்கு. பெரிய பட்டியலில் சிலவற்றைச் சேர்த்து, சிலவற்றைத் திருத்தி, சிலவற்றை நீக்க வேண்டுமென்றால் அதற்கு அது போதாது. வேறு டேட்டாபேஸிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர்கள் மெர்ஜ் எங்கே, மெர்ஜ் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2017 கடைசியில் சைமன் ரிக்ஸ் அதைக் கையில் எடுத்தார். நீண்ட காலக் கமிட்டர், அதாவது மூல நிரலில் நேரடியாகச் சேர்க்கும் அதிகாரம் பெற்ற சிலரில் ஒருவர். தியோலசி அப்போது அவருடைய நிறுவனத்தில் இருந்தார், நிரலில் பெரும்பங்கு அவருடையது. 2018 ஏப்ரல் முதல் வாரம், அந்த வருஷப் பதிப்புக்குக் கதவு சாத்துவதற்குச் சில நாட்களே இருந்தபோது, ரிக்ஸ் அதைச் சேர்த்தார்.

உடனே எதிர்ப்பு. வேலை செய்யவில்லை என்று இல்லை. உள்ளே கட்டிய விதம் சரியில்லை, கட்டளையைப் பிரித்துப் படிக்கும் பகுதியிலும் நிறைவேற்றும் பகுதியிலும் போட்ட அமைப்பு பிற்காலத்தில் கழுத்தைப் பிடிக்கும் என்று டாம் லேன், ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போன்றவர்கள் சொன்னார்கள். கதவு சாத்துகிற நேரத்தில் இவ்வளவு பெரியதை உள்ளே தள்ளலாமா என்ற கேள்வியும் எழுந்தது. சொற்கள் காரசாரமாகத்தான் இருந்தன. ஏப்ரல் 12ஆம் தேதி, ரிக்ஸ் தானே அதை வெளியே எடுத்துவிட்டார்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். சேர்த்தவருக்குச் சேர்க்க அதிகாரம் இருந்தது. நிறுவனத்தின் தலைவர் அவர். வாடிக்கையாளர்கள் கேட்கிற வசதி. நிரல் ஓடுகிறது. நம் ஊர் அலுவலகத்தில் இப்படி ஒரு கோப்பு கையெழுத்தாகிவிட்டால், பத்து நாள் கழித்து யாராவது திருப்ப முடியுமா? இங்கே திருப்பினார்கள். திருப்பிய காரணம் எல்லாம் இன்றைக்கும் யாரும் படிக்கும்படி பதிவில் இருக்கிறது. யார் என்ன சொன்னார், எந்த வரியில் என்ன குறை, எல்லாம்.

பிறகு அந்த வேலை குப்பைக்குப் போகவில்லை. ஆல்வாரோ எர்ரெரா என்ற இன்னொரு கமிட்டர் அதை எடுத்து, விமர்சனங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து, அமித் லங்கோட்டே உதவியோடு திருப்பி எழுதினார். 2022 மார்ச்சில் சேர்ந்தது. அந்த அக்டோபரில் 15ஆம் பதிப்பில் மெர்ஜ் வந்தது. எழுதியவர் பட்டியலில் பவன் தியோலசி பெயரும் இருக்கிறது, சைமன் ரிக்ஸ் பெயரும் இருக்கிறது. ரிக்ஸ் 2024ல் ஒரு விமான விபத்தில் காலமானார். தன் பெயரோடு மெர்ஜ் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான்கு வருஷத் தாமதம் நியாயமா என்று கேட்டால், என் அபிப்பிராயம், நியாயம்தான். நான் பார்த்துக்கொள்கிற கணக்குகள் மற்றவர்களுடைய சம்பளம், மற்றவர்களுடைய மருந்துச்சீட்டு. வசதி நாலு வருஷம் தாமதமானால் சமாளிக்கலாம். கணக்கு ஒரு ராத்திரி தப்பினால் சமாளிக்க முடியாது. அதே சமயம் எதிர்த்தவர்கள் பேசிய தொனி எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அந்தக் காரத்தைப் பார்த்துப் பயந்து ஓடிப்போன புதியவர்கள் உண்டு. நம் பிள்ளைகள் அந்த வாசலில் கால் வைக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாரும் ஒரே கம்பெனி ஆட்களாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. திட்டத்துக்கு மேலே ஒரு சிறிய மையக் குழு உண்டு. 2020ல் அதில் ஐந்து பேர். அந்த வருஷம் என்டர்பிரைஸ்டிபி நிறுவனம், ரிக்ஸ் தொடங்கிய நிறுவனத்தை வாங்கியது. வாங்கியதும் பார்த்தால் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்துச் சம்பளக்காரர்கள். பாதிக்கு மேல் ஒரே கம்பெனி ஆட்கள் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய எழுதாத வழக்கம். யாரையும் விலக்காமல், வெளியிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்து ஏழாக்கினார்கள். அப்போது ஏழில் மூன்று என்று ஆனது. கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஒரே வீட்டிலிருந்து நாலு இயக்குநர்கள் வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கதை மாதிரி இருக்கும். நடந்தது.

சரி, இதில் நம் கல்லூரிக்கு என்ன? நேராகவே சொல்கிறேன்.

அந்தச் சமூகத்தில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. படித்துப் பார்த்து, சோதித்து, "இந்த இடத்தில் உடைகிறது" என்று சொல்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். வருஷத்தில் ஐந்து முறை, ஒவ்வொரு மாதம், வந்த திருத்தங்களை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்க்கும் சுற்று நடக்கிறது. கமிட்ஃபெஸ்ட் என்று பெயர். ஒரு சுற்றில் நூற்றுக்கணக்கான பேட்ச்கள் காத்திருக்கும். ஒன்று கொடுக்கிறவர், அதே அளவுள்ள மற்றொருவர் வேலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது முறை. மொய் எழுதுகிற மாதிரிதான், வாங்கினால் வைக்க வேண்டும். இதற்குக் கமிட்டராக இருக்கத் தேவையில்லை. யாருடைய சிபாரிசும் வேண்டாம். மூல நிரலை இறக்கி, ஒரு பேட்ச்சை அதில் போட்டு, கம்பைல் செய்து, சோதனைத் தொகுப்பை ஓட்டி, கண்டதை எழுத வேண்டும். அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு மாணவரால் முடியும்.

இப்படிப் படிப்படியாக வேலை செய்து உள்ளே போன இந்தியர்கள் இருக்கிறார்கள். அமித் கபிலா ஒருவர். போஸ்ட்கிரெஸில் ஹாஷ் இண்டெக்ஸ் என்று ஒன்று ரொம்பக் காலமாக இருந்தது. கரண்ட் போய் மெஷின் விழுந்தால் அதை நம்ப முடியாது, பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களுடைய கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள். எல்லாரும் ஒதுக்கி வைத்த அந்த மூலையைக் கபிலா எடுத்துச் சுத்தம் செய்தார். 2017ல் 10ஆம் பதிப்பில் அது நம்பத்தக்கதானது. மறு வருஷம் அவர் கமிட்டர். ஒதுக்கி வைத்த மூலையில்தான் புதியவனுக்கு இடம் கிடைக்கும், வேலைக்குச் சேர்ந்த எல்லாருக்கும் இது தெரியும்.

நமக்கென்றே ஒரு மூலை இருக்கிறது, அது தமிழ். வள்ளி, வனஜா என்று இரண்டு பெயரைக் கொடுத்து அகரவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். நம் நெடுங்கணக்கில் ளகரம் முன்னே, றகரமும் னகரமும் கடைசியில். வள்ளிதான் முதலில் வர வேண்டும். யூனிகோட் எண் வரிசையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் வனஜா முந்திவிடுவாள். புள்ளி வைத்த எழுத்துக்கும் இதே கதிதான், க் என்பது கௌவுக்கும் பின்னால் போய் நிற்கும். 2017ல் ஐ.சி.யூ. என்ற நூலகத்தை போஸ்ட்கிரெஸோடு இணைத்த பிறகு, தமிழ் வரிசை வேண்டும் என்று கேட்டால் சரியாக அடுக்கித் தரும். கேட்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் எங்கேயாவது தாறுமாறாக இருந்தால், பாதி நேரம் காரணம் இதுதான்.

இன்னொன்று. 2019ல் 12ஆம் பதிப்பில், தேடலுக்காகத் தமிழ்ச் சொல்லின் விகுதியை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் வசதி சேர்ந்தது. ஸ்னோபால் என்ற மற்றொரு திறந்த மூலத் திட்டத்தில் இருந்தது, அப்படியே இங்கே வந்தது. மரம், மரங்கள், மரத்தில், மரத்தினால் என்று எழுதிப் பார்த்து, எல்லாம் ஒரே அடிச்சொல்லில் வந்து சேருகிறதா, எங்கே தவறுகிறது என்று ஆயிரம் சொல்லுக்கு ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். இதற்குக் கம்ப்யூட்டர் துறை மாணவர் மட்டும் போதாது. தமிழ்த் துறை மாணவரும் வேண்டும். சாரியை என்றால் என்ன என்று தெரியாதவன் இந்த நிரலைத் திருத்த முடியாது. தமிழ்த் துறைப் பேராசிரியர் முன்வரிசையில் சிரிக்கிறார். ஐயா, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் அனுப்புவதற்கு "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதோடு ஏன் வேண்டாம் என்பதும் வரும். தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்ட மாதிரி நடுங்காதீர்கள். அந்த 'ஏன்'-ஐப் படித்துத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். தியோலசிக்கே வந்த பதில்தான் அது.

மாணவர் தலைவர் தம்பியிடம் பேசியிருக்கிறேன். ஆய்வகத்தை ஞாயிற்றுக்கிழமை காலை திறந்துவைக்கத் துறைத்தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊரில் இருக்கிற பழைய மாணவர்கள் நாங்கள் மூன்று பேர் முறை வைத்து வருகிறோம். முதல் நாள் வேலை, மூல நிரலை இறக்கி, கம்பைல் செய்து, மெர்ஜ் பற்றி 2018ல் நடந்த வாதத்தை உட்கார்ந்து படிப்பது. கம்ப்யூட்டர் துறையில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்த் துறையிலிருந்து இன்னும் ஒருவரும் கொடுக்கவில்லை. பந்திக்குப் போகிற வழியில் வாசல் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கும்.